யாருக்கு ஜாஸ்தி? சின்னப் பிள்ளைகள் எண்களை ஒப்பிடப் பழகும் விளையாட்டுகள்

ஒன்றிலிருந்து நூறு வரை மூச்சு விடாமல் ஒப்பிக்கிற நாலு வயதுப் பிள்ளைகள் நம் ஊரில் நிறைய. வீட்டுக்கு யாராவது வந்தால் போதும், கூப்பிட்டு நடுக்கூடத்தில் நிறுத்தி "மாமாவுக்கு ஒன் டூ த்ரீ சொல்லிக் காட்டு" என்போம், அது கடகடவென்று சொல்லி முடிக்கும், எல்லோரும் கைதட்டுவோம். அதே பிள்ளையிடம் "ஆறு இட்லி நிறையவா, எட்டு இட்லி நிறையவா?" என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் முழிக்கும், சில பிள்ளைகள் கடைசியாகக் காதில் விழுந்த எண்ணைத் திருப்பிச் சொல்லும். இரண்டையும் இடம் மாற்றிக் கேட்டால் பதிலும் மாறிவிடும். நூறு வரை ஒப்பிப்பது ஒரு பாட்டைப் போல. எட்டில் ஆறைவிட இரண்டு கூட இருக்கிறது என்ற சங்கதி அந்தப் பாட்டில் எங்கேயும் வராது.

இதற்காக ஒர்க்‌ஷீட் புத்தகமோ செயலியோ வாங்கத் தேவையில்லை என்பது என் கருத்து. பிள்ளைகளுக்கு ஒப்பிடத் தெரியாது என்று யார் சொன்னது? அண்ணன் தட்டில் மூணு முறுக்கும் தன் தட்டில் ரெண்டும் விழுந்தால் "அவனுக்கு மட்டும் ஜாஸ்தி" என்று வீட்டையே இரண்டாக்குகிற வயது அது. ஆசையும் இருக்கிறது, கண்ணும் இருக்கிறது. அந்தச் சண்டை போடும் புத்தியோடு எண்களைக் கோத்துவிடுவதுதான் நம் வேலை. அதனால் கீழே சொல்லும் எல்லா விளையாட்டிலும் முடிவில் யாரோ ஒருவரிடம் கூட இருக்கும், யாரோ ஒருவரிடம் குறைவாக இருக்கும். அதைச் சொல்ல வேண்டியது குழந்தை. அது எந்தப் பதில் சொன்னாலும், சரியோ தப்போ, நாம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "எப்படித் தெரியும்? காட்டு பார்ப்போம்."

ஜோடி சேர்ப்பது முதலில், எண்ணுவது அப்புறம்

எண்ணத் தெரிந்தால்தான் ஒப்பிட முடியும் என்று நினைக்கிறோம். உண்மையில் எண்ணவே தெரியாத குழந்தையாலும் ஒப்பிட முடியும், ஒன்றுக்கு ஒன்று வைத்துப் பார்த்தால் போதும். சாப்பிட உட்காரும்போது ஆளுக்கொரு தட்டு, தட்டுக்கொரு டம்ளர் வைக்கிற வேலையை மூணு வயதுப் பிள்ளையிடம் விடுங்கள். டம்ளர் ஒன்று குறைந்தால் அதற்கே தெரிந்துவிடும். "பாட்டிக்கு இல்ல!" என்று ஓடி வரும். தட்டு கூட, டம்ளர் குறைவு என்பதை அது எண்ணாமலே கண்டுபிடித்தது. செருப்பை ஜோடி சேர்ப்பது, கொடியில் காயும் துணிக்கு ஆளுக்கு ரெண்டு கிளிப் மாட்டுவது, எல்லாம் இதே வகைதான்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்குப் புளியங்கொட்டை ஊதும் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நாற்பது, ஐம்பது வயதில் இருப்பவர்களில் பலர் சின்ன வயதில் விளையாடியதுதான். ஒரு கைப்பிடி கொட்டையைத் தரையில் குவித்து, குனிந்து 'ஃபூ' என்று ஒரே ஊது. குவியலிலிருந்து பிரிந்து விழுந்த கொட்டைகளை, மற்றது அசையாமல், ஒவ்வொன்றாக விரலால் எடுக்க வேண்டும். பக்கத்துக் கொட்டை அசைந்தால் ஆட்டம் அடுத்தவருக்கு. குவியல் தீர்ந்ததும்தான் நம் வேலை ஆரம்பிக்கிறது, பெரும்பாலும் இப்படித்தான்:

"தாத்தா, எனக்குத்தான் நிறைய."

"எப்படிச் சொல்றே?"

"என்னோடது பெரிய குவியலா இருக்கு."

"எனக்கு அப்படித் தெரியலையே கண்ணு. வா, வரிசையா வைச்சுப் பார்த்துடலாம்."

தாத்தா ஒரு கொட்டை வைக்க, அதற்கு நேர் கீழே பேத்தி ஒன்று வைக்க, இரண்டு வரிசையும் தரையில் நீண்டுகொண்டே போகும். ஒரு கட்டத்தில் பேத்தியின் கை காலியாகிவிடும், தாத்தா கையில் இன்னும் ரெண்டு மிச்சம் இருக்கும். குவியலைக் கொஞ்சம் பரப்பி வைத்ததால் பெரிதாகத் தெரிந்தது என்பதை யாரும் விளக்க வேண்டியதே இல்லை, ஜோடியில்லாமல் நிற்கும் அந்த ரெண்டு கொட்டையே சொல்லிவிடும்.

இங்கே ஒரு நுணுக்கம். "உன்னோடதைவிட என்னோடது எத்தனை கூட?" என்று கேட்டால் பிள்ளைகள் பெரும்பாலும் மொத்த எண்ணைச் சொல்லும். ஒன்பதும் ஏழும் என்றால் "ஒன்பது" என்று பதில் வரும். அதே கேள்வியை "எத்தனை கொட்டைக்கு ஜோடி இல்லை?" என்று கேளுங்கள், "ரெண்டு" என்று பளிச்சென்று வரும். 1983ல் ஹட்சன் என்ற ஆய்வாளர் பறவையும் புழுவும் இருக்கிற படங்களைக் காட்டி இதைச் சோதித்தார். புழுவைவிடப் பறவை எத்தனை அதிகம் என்றபோது திணறிய அதே பிள்ளைகள், எத்தனை பறவைக்குப் புழு கிடைக்காது என்று கேட்டபோது சரியாகச் சொன்னார்கள். கணக்கு ஒன்றுதான், கேட்ட விதம்தான் வேறு. அதனால் பிள்ளை தப்பாகச் சொன்னால் கேள்வியை ஒருமுறை மாற்றிப் போட்டுப் பாருங்கள், அதட்டுவது எப்போது வேண்டுமானாலும் முடியும்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புளியங்கொட்டை, சோழி, மணி, நாணயம் எதுவும் மூணு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை கைக்கு எட்டக் கூடாது. வாயில் போடும், மூக்கில் திணிக்கும், காதில் விடும். வீட்டில் கைக்குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தால் துணி கிளிப், ஸ்பூன், உருளைக்கிழங்கு இப்படிப் பெரிய சாமான்களை வைத்து விளையாடுங்கள்.

நீட்டி வைத்தால் நிறையவா?

தண்ணீர் பாட்டில் மூடிகளை மேலே ஐந்து, கீழே ஐந்து என்று நேருக்கு நேராக வையுங்கள். "ரெண்டு வரிசையும் ஒண்ணா, இல்ல ஒண்ணுல கூடவா?" என்றால் நாலரை வயதுப் பிள்ளை "ஒண்ணுதான்" என்று சொல்லும். இப்போது அதன் கண் முன்னாலேயே கீழ் வரிசையை இழுத்து அகலமாக்கிவிட்டு மறுபடி கேளுங்கள். "இதுலதான் நிறைய" என்று நீளமான வரிசையைக் காட்டுகிற பிள்ளைகள் அதிகம். சுவிட்சர்லாந்தின் ஜான் பியாஜே இதைப் பற்றி 1941லேயே எழுதிவிட்டார், அப்போதிருந்து உலகம் முழுக்கக் குழந்தைகளை உட்காரவைத்து இதைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

பிற்பாடு மெக்காரிகில், டொனால்ட்சன் என்ற இருவர் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள், எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். வரிசையைக் கலைத்தது பெரியவர் இல்லை, ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை. பொம்மை வந்து கலைத்துவிட்டுப் போனதும் கேட்டபோது, சரியாகச் சொன்ன பிள்ளைகளின் எண்ணிக்கை நன்றாகக் கூடியது. காரணம் என்னவாக இருக்கும்? பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே எதையோ மாற்றிவிட்டு அதே கேள்வியை இரண்டாம் தடவை கேட்டால், முதலில் சொன்ன பதில் தப்புபோல என்று குழந்தை நினைத்துக்கொள்கிறது. நாமும் தினம் இதைத்தான் செய்கிறோம்: சரியான பதிலைச் சொன்ன பிள்ளையிடமே "நல்லா யோசிச்சுச் சொல்லு" என்கிறோம், உடனே அது பதிலை மாற்றிவிடுகிறது.

ஆகவே வீட்டில் ஒரு குரங்கு பொம்மையோ, கையில் மாட்டிய பழைய சாக்ஸோ இருந்தால் அதைக் கலைக்கும் ஆளாக்கிவிடுங்கள். குரங்கு வந்து வரிசையைக் கலைக்கும், சில சமயம் ஒரு மூடியைத் திருடிக்கொண்டும் போகும். "குரங்கு கலைச்சது மட்டும்தானா, திருடவும் செஞ்சுதா?" இதுதான் ஆட்டம். மறுபடி ஜோடி சேர்த்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியது குழந்தை. எதையும் எடுக்காமல் சும்மா கலைத்துவிட்டுப் போகிற முறையும் நிறைய இருக்கட்டும், அதில்தான் விஷயமே இருக்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் இதற்கு இன்னொரு ரூபம் உண்டு. ஒரு அப்பளத்தை நாலாக உடைத்துக் கொடுத்தால் முழு அப்பளம் வைத்திருக்கும் அக்காவைவிடத் தனக்குத்தான் நிறைய என்று தம்பி நினைப்பான், நாமும் சண்டை ஓய்ந்தது என்று விட்டுவிடுவோம். எண்ணிக்கை வேறு, அளவு வேறு என்பது அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை, இந்த வயதில் பிடிபட வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் நாம் எண்களை ஒப்பிடச் சொல்லித்தரும்போது இரண்டு பக்கமும் ஒரே அளவுப் பொருளாக வைத்துக்கொள்வது நல்லது. ஒரு பக்கம் மூணு பூசணி, மறுபக்கம் ஐந்து சின்ன வெங்காயம் என்று வைத்துவிட்டு "எது பெரிசு?" என்று கேட்டால், பூசணி என்று சொல்லும் பிள்ளைதான் புத்திசாலி. 'பெரிசு' என்ற சொல்லை உருவத்துக்கும் எண்ணுக்கும் மாற்றி மாற்றிப் போடுவது நாம்தான், ஆரம்பத்தில் "எதுல நிறைய?", "எதுல கம்மி?" என்றே கேட்டுப் பழக்குங்கள். கம்மி என்பது சற்றுத் தாமதமாகத்தான் பிடிபடும், அதனால் அந்தக் கேள்வியையும் மறக்காமல் கேட்க வேண்டும். எப்போதும் நிறையவே கேட்டுக்கொண்டிருந்தால் கம்மி என்பதற்கும் பெரிய குவியலைத்தான் காட்டும். நாணயம் வேண்டாம். ஒரு ஐந்து ரூபாய்க்கு ஐந்து ஒரு ரூபாய் சமம் என்பது பிறகு வரட்டும்.

வாசலில் ஒரு கோடு

இந்த வரிசையில் எனக்கு நம்பிக்கை அதிகம் உள்ள ஆட்டம் இதுதான், செலவும் ஒன்றுமில்லை. வாசலிலோ மொட்டை மாடியிலோ சாக்பீஸால் பத்துக் கட்டம், ஒரே நேர்க்கோட்டில், இடமிருந்து வலமாக. 1 முதல் 10 வரை எழுதுங்கள். கட்டங்கள் எல்லாம் ஒரே அகலம் இருக்கட்டும். ஆளுக்கு ஒரு காய். பகடைக்குப் பதில் இரண்டு புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் சிமெண்டுத் தரையில் வெள்ளை தெரியும்வரை தேய்த்துக்கொள்ளுங்கள், தாயத்துக்குச் செய்வதுபோல. குலுக்கிப் போட்டால் எத்தனை வெள்ளை மேலே விழுகிறதோ அத்தனை கட்டம் நகரலாம். ஒன்றும் விழாவிட்டால் பூஜ்ஜியம், இருந்த இடத்திலேயே இரு. யார் முதலில் பத்துக்குப் போகிறாரோ அவர் ஜெயித்தார். அவ்வளவுதான் ஆட்டம், ஐந்து நிமிடம்கூட ஆகாது.

இவ்வளவு எளிய ஆட்டத்தில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அமெரிக்காவில் கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் இதே மாதிரி 1 முதல் 10 வரை கட்டம் போட்ட ஒரு பலகையை வைத்து, வசதி குறைந்த வீட்டுப் பாலர் பள்ளிப் பிள்ளைகளோடு விளையாடிப் பார்த்து 2008ல் எழுதினார்கள். இரண்டு வாரத்தில் நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரத்தை ஒட்டி. இரண்டு எண்ணில் எது பெரியது என்று சொல்வதில் பிள்ளைகள் முன்னேறினார்கள், ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அது நின்றிருந்தது. எண்ணுக்குப் பதில் வெறும் நிறம் போட்ட பலகையில் விளையாடியவர்களுக்கு அந்தப் பலன் வரவில்லை. கோட்டில் தூரம் போகப் போக எண்ணும் பெரிதாகிறது, குலுக்கும் முறையும் கூடுகிறது, கை நகர்வதும் கூடுகிறது. எட்டு என்பது மூன்றைவிட எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது கையாலும் காலாலும் பதிந்துவிடுகிறது.

ஆனால் விளையாடும்போது ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். காய் 4ல் இருக்கிறது, ரெண்டு விழுந்தது. குழந்தை "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லி நகர்த்தும். அப்படி விடாமல் "அஞ்சு, ஆறு" என்று கட்டத்தில் இருக்கும் எண்ணைப் படித்தபடி நகர்த்தப் பழக்குங்கள். ஆரம்பத்தில் நீங்களே கூடச் சேர்ந்து சொல்ல வேண்டியிருக்கும். பலனில் பெரும்பகுதி இந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது என்று பின்னால் வந்த ஆய்வும் சொல்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் ஒரு கேள்வி போதும்: "இப்ப யாரு முன்னாடி இருக்கா? எத்தனை கட்டம் முன்னாடி?" கோட்டைப் பார்த்தே சொல்லிவிடும்.

பரமபதம் போதாதா என்று கேட்பீர்கள். நல்ல ஆட்டம்தான், ஆனால் சின்னதுகளுக்கு முதல் ஆட்டமாக அது வேண்டாம். அதில் ஒரு வரிசை இடமிருந்து வலமும் அடுத்த வரிசை வலமிருந்து இடமுமாகப் போகும், பாம்பு கடித்தால் பெரிய எண்ணிலிருந்து சரேலென்று அடிமட்டத்துக்கு வந்துவிடும். எது பெரியது என்ற கணக்கு மனதில் உட்காருவதற்கு முன் இந்தக் களேபரம் எதற்கு? நேர்க்கோட்டில் பத்தும், அப்புறம் இருபதும் பழகிய பிறகு பரமபதப் படத்தை விரியுங்கள்.

அதே சாக்பீஸ் கோட்டில் 'மேலேயா கீழேயா' ஆடலாம். அம்மா மனதில் ஒரு எண் நினைத்துக்கொள்வாள், பிள்ளை கேட்கும்: "ஆறா?" "ஆறுக்கு மேலே." உடனே 6ன் மேல் ஒரு கல்லை வைக்க வேண்டும், அதற்குக் கீழே இனி எதுவும் இல்லை. "ஒன்பதா?" "ஒன்பதுக்குக் கீழே." 9ன் மேல் இன்னொரு கல். இரண்டு கல்லுக்கும் நடுவில் 7ம் 8ம் மட்டும் மாட்டிக்கொண்டு நிற்கும். கல் வைக்காமல் வாயால் மட்டும் ஆடினால் ஐந்து வயதுப் பிள்ளை "ஆறுக்கு மேலே" என்று கேட்ட மறு நிமிடமே "நாலா?" என்று கேட்கும். கல்தான் அதற்கு ஞாபகம். இடம் மாறி, பிள்ளை நினைக்க நாம் கண்டுபிடிக்கும் சுற்றுகள்தான் இன்னும் நல்லவை, ஏனென்றால் அப்போது மேலே, கீழே என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியது குழந்தை. தப்பாகச் சொல்லி ஆட்டமே குழம்பும், குழம்பட்டும், பிறகு சேர்ந்து உட்கார்ந்து எங்கே குழம்பியது என்று தேடுங்கள்.

கிழித்த காலண்டர் தாள்

எண் அட்டை வேண்டும் என்றால் கடைக்குப் போகாதீர்கள். தினசரி காலண்டரில் கிழித்துப்போடும் தாளில் எவ்வளவு பெரிய எண் அச்சாகியிருக்கிறது பாருங்கள். தேதி எண்ணை மட்டும் வெட்டிப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒட்டினால் 1 முதல் 31 வரை அட்டை தயார். ஓரத்தில் தமிழ்த் தேதியும் நல்ல நேரமும் எமகண்டமுமாக வேறு எண்கள் நெருக்கியடித்து இருக்கும், அதையெல்லாம் வெட்டி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளை அதையும் படிக்கும். முதலில் 1 முதல் 10 வரை நாலு மாதத்துத் தாள் போதும். அட்டையின் கீழே அத்தனை புள்ளியும் பேனாவால் வைத்துவிட்டால், எண் மறந்த பிள்ளை புள்ளியை எண்ணிக்கொள்ளும்.

ஆட்டம் இதுதான்: கட்டைப் பாதிப் பாதியாகப் பிரித்துக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, இருவரும் ஒரே நேரத்தில் மேல் அட்டையைத் திருப்புவது. பெரிய எண் வைத்தவருக்கு இரண்டு அட்டையும். சீட்டுக்கட்டு வைத்திருப்பவர்கள் படச்சீட்டை எடுத்துவிட்டு அதிலேயே ஆடலாம். "சின்னப் புள்ள கையில சீட்டா?" என்று பாட்டி முகம் சுளிக்கும் வீடு என்றால் காலண்டர்தான் வழி. அட்டையை எடுத்துக்கொள்ளும் முன் வாயால் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள்: "எட்டு, அஞ்சைவிட நிறைய." சொல்லாமல் எடுத்தால் அட்டை கிடையாது. இந்த ஒரு வாக்கியம் பிற்பாடு பெரிய உதவி.

2க்கும் 9க்கும் இடையில் தீர்ப்புச் சொல்வது சுலபம், 8க்கும் 9க்கும் இடையில் கஷ்டம். இது பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை. பெரியவர்களுக்கும் எண்கள் நெருங்கி வர வர முடிவு சொல்லக் கூடுதல் நேரம் பிடிக்கிறது என்று 1967லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள், நமக்கு அந்த வித்தியாசம் கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவு என்பதால் தெரிவதில்லை. எனவே தொடக்கத்தில் கட்டைக் கொஞ்சம் 'தயார்' செய்து வைப்பதில் பாவமில்லை: ஒருவர் கையில் 1 முதல் 4 வரையும் அடுத்தவர் கையில் 6 முதல் 10 வரையுமாகக் கலந்து கொடுத்து, சில நாள் கழித்து முழுக்கக் கலைத்து ஆடுங்கள். 7க்கும் 8க்கும் நடுவில் பிள்ளை தயங்கினால் பதிலைச் சொல்லாமல் சாக்பீஸ் கோட்டைக் காட்டுங்கள், அல்லது புள்ளிகளை.

தோற்றால் அழும். அதுவும் நன்றாகவே அழும். வேண்டுமென்றே தோற்றுக்கொடுக்கிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. இது முழுக்க அதிர்ஷ்ட ஆட்டம், நாம் ஒன்றும் செய்யாமலே பாதி ஆட்டம் பிள்ளைக்குப் போய்ச் சேரும். அழுகைக்கு மருந்து வேறு இருக்கிறது. "இந்த ஆட்டத்துல கம்மி வெச்சவங்களுக்குத்தான் சீட்டு" என்று விதியைத் தலைகீழாக்குங்கள். அதுவரை சபித்துக்கொண்டிருந்த 1ம் 2ம் திடீரென்று தங்கமாகிவிடும், கம்மி என்ற கேள்விக்கும் பயிற்சி கிடைக்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் "இன்னிக்குப் பெருசா, சின்னதா?" என்று கேட்டு விதியைக் குழந்தையையே முடிவு செய்யவிடலாம்.

வீட்டில் பெரிய பிள்ளை இருந்தால் ஒரு தொல்லை உண்டு, சின்னது வாயைத் திறக்கும் முன் அது பதிலைச் சொல்லிவிடும். திட்டிப் பிரயோஜனமில்லை. அதற்கு ஒரு வேடம் கொடுங்கள்: எதையும் தப்புத் தப்பாகச் சொல்லும் குரங்கு நீதான் என்று. "மூணுதான் எட்டைவிட நிறைய!" என்று அண்ணன் அடித்துச் சொல்ல, தம்பி பாய்ந்து வந்து நிரூபிப்பான். இருவருக்கும் குஷி.

பள்ளியில் ஒன் டூ த்ரீ, வீட்டில் ஒண்ணு ரெண்டு மூணு என்று இரண்டுமாக இருப்பது இப்போது எல்லா வீட்டிலும் சகஜம். பிள்ளை எதில் தடையில்லாமல் எண்ணுகிறதோ அதில் ஆடுங்கள். ஒரே ஆட்டத்தின் நடுவில் மட்டும் மாற்றாதீர்கள். அடுத்த ஆட்டத்தை மற்றதில் வைத்துக்கொள்ளலாம்.

தாத்தா பாட்டி இருக்கிற வீடு

பரணில் பல்லாங்குழி கிடந்தால் இறக்குங்கள். பசு, துடைத்து எடுப்பது என்று முழு விதியும் சின்னதுகளுக்கு வேண்டாம். ஒரு குழியிலிருந்து சோழியை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவதே அதற்கு நல்ல வேலை. நமக்கு வேண்டியது ஆட்டத்தின் கடைசியில் இருக்கிறது. சுற்று முடிந்ததும் அவரவர் ஜெயித்த சோழியைக் குழிக்கு ஐந்து ஐந்தாகத் தன் பக்கத்து ஏழு குழிகளில் நிரப்ப வேண்டும் அல்லவா? பாட்டிக்கு ஏழும் நிரம்பிக் கையிலும் மிச்சம் இருக்கும், பேரனுக்கு ஐந்து குழி நிரம்பி ஆறாவதில் மூணு சோழியோடு நின்றுபோகும். இருபத்தைந்தைத் தாண்டிய எண்ணிக்கையை ஐந்து வயதுப் பிள்ளை மொத்தமாக எண்ணாமலேயே ஒப்பிட்டுவிட்டது. அடுக்கி வைத்தால் பெரிய எண்ணும் கண்ணுக்குள் அடங்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாதனம் எனக்குத் தெரியவில்லை.

தாயக்கட்டையை உருட்டி யாருக்கு அதிகம் விழுகிறது என்றும் பார்க்கலாம். புள்ளிகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று குறைவாக இருப்பதால் எண்ணாமலே ஒரு பார்வையில் தெரியும். ஒன்று மட்டும்: இரண்டு கட்டையிலும் ஒன்றுமே இல்லாமல் விழுந்தால் பெரியவர்கள் 'பன்னிரண்டு' என்போம். ஒரு புள்ளியும் இல்லாததற்குத்தான் எல்லாவற்றையும்விட ஜாஸ்தி என்றால் குழந்தைக்கு அது அநியாயமாகப் படுவது நியாயம்தான். இந்த ஆட்டத்துக்கு மட்டும் அதைப் பூஜ்ஜியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தைத் தாண்டினால்

ஒன்றாம் வகுப்பில் 19, 21 என்று கொடுத்து எது பெரியது என்றால் 19 என்று எழுதிவிட்டு வருகிற பிள்ளைகள் உண்டு. ஒன்பது பெரிய எண் அல்லவா, அது கண்ணில் பட்டுவிட்டது. எண் வலது பக்கம் இருக்கிறதா இடது பக்கம் இருக்கிறதா என்பதைப் பொறுத்து அதன் மதிப்பு மாறும் என்று வாயால் சொன்னால் ஏறாது. புது விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சியை உருவி விரல் நீளத்துக்கு ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். கட்டுகிற வேலையைப் பிள்ளையே செய்ய வேண்டும், நாம் கட்டிக் கொடுத்தால் அது வெறும் கட்டு. 19 என்றால் ஒரு கட்டும் ஒன்பது உதிரியும், 21 என்றால் இரண்டு கட்டும் ஒரு உதிரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முதலில் கட்டைத்தான் பார்க்க வேண்டும் என்பது தானாகத் தெரியும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில் உங்கள் பிள்ளை படிக்கிறது என்றால் இந்த மாதிரிப் பொருள்களோடு ஏற்கெனவே பழகியிருக்கும், வீட்டிலும் அதையே தொடரலாம்.

அப்புறம் அட்டை ஆட்டத்தில் ஒரு படி ஏற்றுங்கள். 1 முதல் 9 வரையிலான அட்டையில் ஆளுக்கு இரண்டு எடுத்து, அதை வைத்துப் பெரிய எண்ணாக அமைப்பவருக்கு வெற்றி. 3ம் 7ம் வந்தால் 37 வைப்பதா, 73 வைப்பதா? முதலில் வந்த வரிசையிலேயே வைத்துவிட்டுத் தோற்றுப்போன பிள்ளை, இரண்டொரு ஆட்டத்தில் அட்டையை இடம் மாற்றிப் பார்க்க ஆரம்பித்துவிடும். அந்த இடம் மாற்றுகிற கணம்தான் நமக்கு வேண்டியது, அப்போது குறுக்கே பேசாமல் இருங்கள்.

வெளியே போகும்போது பேருந்து எண்ணையும் கதவு எண்ணையும் ஒப்பிடச் சொல்லலாமா? படிக்கச் சொல்லுங்கள், ஒப்பிடச் சொல்லும்போது பார்த்துச் சொல்லுங்கள். 29சி பேருந்து 5ஆம் எண் பேருந்தைவிட எதிலும் கூட இல்லை, அது வெறும் பெயர். தெருவில் கதவு எண்ணாவது வரிசையில் வரும் என்று பார்த்தால், சென்னையில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும், பெரியவர்களே வீட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் நிற்போம். அதைவிட லிஃப்ட் நல்லது: நாம் மூணாவது மாடி, பாட்டி ஏழாவது மாடி, மேலே போகணுமா கீழே போகணுமா, எத்தனை மாடி?

முதலை வாய்

கடைசியில் வருகிறது, எது பெரியது என்று காட்டும் அந்தக் குறி. முதலை பெரிய எண்ணைத்தான் சாப்பிடும், அதனால் வாய் அந்தப் பக்கம் திறந்திருக்கும் என்று எல்லாப் பள்ளியிலும் சொல்லித்தருகிறார்கள். பல் எல்லாம் வரைந்து பிள்ளைகள் சந்தோஷமாகவே போடும். கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் அதோடு நின்றுவிட்டால் 7 > 4 என்பதைப் பார்த்து "முதலை ஏழைச் சாப்பிடுது" என்று மட்டும்தான் சொல்லத் தெரியும். 4 < 7 என்று எழுதினாலும் முதலை ஏழைத்தான் சாப்பிடுகிறது, அப்படியென்றால் இரண்டும் ஒன்றா என்று குழம்பும். இடமிருந்து வலமாகப் படிக்கப் பழக்குங்கள்: "ஏழு, நாலைவிட நிறைய." "நாலு, ஏழைவிடக் கம்மி." அட்டை ஆட்டத்தில் வாயால் சொல்லிக்கொண்டிருந்த அதே வாக்கியம்தான் இது. இரண்டு ஐஸ் குச்சியின் நுனியைச் சேர்த்து ஒட்டிக் குறியாக்கி, ஆட்டத்தின்போது இரண்டு அட்டைக்கும் நடுவில் வைக்கச் சொன்னால் எழுதிப் பழகும் முன்பே கை பழகிவிடும்.

வீட்டுப்பாடமாக ஒரு பக்கம் முழுக்கக் குறி போடும் கணக்கு வந்தால் அதில் எத்தனை கணக்குக்குச் சமக்குறி வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், அதனால் எதைப் பார்த்தாலும் ஒரு பக்கம் பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். அட்டை ஆட்டத்தில் இரண்டு பேரும் ஒரே எண்ணைத் திருப்பினால் "சமம்!" என்று முதலில் கத்துபவருக்கே இரண்டு அட்டையும், கத்தியதோடு எழுந்து அத்தனை தடவை குதிக்கவும் வேண்டும் என்று விதி வையுங்கள். 9க்கு 9 விழுந்தால் கீழ்வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டு வைப்பது நல்லது.